விடுபட்ட இரண்டு படங்கள்

மகனே,

நீ அனுப்பிய கோப்பு முழுவதையும் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு தனி உறையில் இருக்கிறது. நாளைக் காலை மல்லாவியிலிருந்து போகும் முதல் பஸ்ஸில், கொண்டக்டரின் கையில் பொதியைக் கொடுத்துவிடுவேன். நெளுக்குளத்து அறையிலிருந்து வவுனியா பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள். பொதியின் அடியில் இந்தக் கடிதமும், நான் வேலை செய்யும் கந்தோரின் ஏழு தாள்களும் இருக்கும். தாள்களைப் பிறகு பார். கடிதத்தை முதலில் வாசி. வருகிற புதன்கிழமை நான்கு பேராசிரியர்கள் கணினி வழியாக உன்னோடு பேசப்போகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு உன்னை எடுப்பதா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். அதற்கு முன் நீ அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் பிழை. அந்தக் கணக்கு யாருடையது என்பது உனக்கும் தெரியும். அந்தப் பிழையைச் செய்தவள் நான்.

இதைப் பதினொரு நாட்களாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்பதையும் இதில் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் என்னால் இவ்வளவு பேச முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் 'சரி' என்று சொல்லி வைத்துவிடுவேன். நாற்பது வயது தாண்டியும் நான் அப்படித்தான். பேசவேண்டிய இடத்தில் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றுவிடுவேன்.

கோப்பை என் போனுக்கு அனுப்பும்போது, 'எல்லாத்தையும் ரெண்டு பிரதி எடுங்கோ அம்மா, இஞ்சை கரண்ட் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தாய். கந்தோர் வேலை முடிந்து, சந்தைக்கு எதிரே அச்செடுத்துத் தரும் கொமினிகேசன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, எல்லாம் இங்கிலீசு. நூறு பக்கத்துக்குக் கிட்ட வருது. மாறி ஏதும் அனுப்பிட்டினமோ?" என்றாள். "இல்லை, சரிதான்," என்றேன். தாள்கள் சூடாக வந்து விழுந்தன. அவள் அடுக்கி அடுக்கி என் மடியில் வைத்தாள். ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்னக்கா, சின்னப்பிள்ளையள் கீறின மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள். "அலை," என்றேன். "கடலோ?" "இல்லை." அவள் மிச்சத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். கையில் எழுத்து இருந்தால் வாசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீ அந்தப் பக்கங்களை எடுத்துவிட மறந்தாயா, நான் வாசித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று நினைத்தாயா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் வந்தது உன்னைப் பற்றி நீயே எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. 'என் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்' என்று அது தொடங்கியது. அடுத்த வரியில் உன் தாத்தா வந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த மனிதர், பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் கையொப்பம் வைக்கத் தெரியாமல் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தார் என்று எழுதியிருந்தாய். நன்றாக எழுதியிருந்தாய். வாசிக்கும்போது அந்த மையின் மணம் எனக்கு வந்தது. ஆனால் அவர் பெருவிரல் வைத்தது யாருடைய படிவத்தில்? நீ பல்கலைக்கழகம் போனபோது அவர் உயிரோடு இல்லை. என் கதையை எடுத்து, அதிலிருந்து என்னை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நீ போய் நின்றிருக்கிறாய். என்னைப் பற்றி ஒரேயொரு வசனம் இருந்தது. 'என் தாய் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நான் என்ன படிக்கிறேன் என்பது அவருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு எப்போதும் ஊக்கம் தருகிறார்.' அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு ஆய்வேடு வந்தது. நன்றியுரையில் மேற்பார்வையாளர் இருந்தார், மடிக்கணினி தந்த நண்பன் இருந்தான், அறையின் சொந்தக்காரர் இருந்தார், விடுதிப் பூனையும் இருந்தது. நான்காம் அத்தியாயத்தில், பல்கலைக்கழகத்தில் படித்தபோது நான் கணக்கு எழுதிய கொப்பி இருந்தது. உந்தத்துக்கு நான் பாவித்த எழுத்து, தொகையீட்டை நான் இரண்டாகப் பிரித்த விதம், சுருக்குவதற்கு முன் ஒரு வரி கூடுதலாக எழுதும் என் பயந்த பழக்கம், எல்லாம் அப்படியே இருந்தன.

அந்தப் பெருவிரல் கதையை நீ எழுதிவிட்டபடியால், அதன் மிச்சத்தையும் தெரிந்துகொள். எனக்குப் பத்தொன்பது வயது. நீ என் மடியில் ஆறு மாதப் பிள்ளை. போர் நிறுத்தத்தால் வன்னிப் பாதை திறந்திருந்த காலம். தாத்தா தோட்டத்துப் பேச்சை வன்னியில் இருபத்தைந்து வருடம் இருந்தும் விடாதவர். "புள்ள, எங்க வைக்கணும்னு காட்டு. அழுத்தி வைக்கவா, மெதுவா வைக்கவா?" என்று கேட்டார். வைத்த பிறகு விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க புள்ள பௌதிகம் படிக்கப் போவுது" என்றார். அது என்ன படிப்பு என்று ஒருவர் கேட்டதற்கு, "பெரிய படிப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார். நீயும் மைப் பெட்டியை எட்டித் தொட்டுவிட்டாய். படிவத்தின் ஓரத்தில் உன் விரல் பட்ட கறை இருந்தது. அந்தக் கறையளவு இடம் அந்தக் கதையில் உனக்கு உண்டு. மறுக்கமாட்டேன்.

நான் படிக்கப் போன நான்கு வருடமும் உன்னை வளர்த்தவர் உன் அப்பா. கராஜில், பழுது பார்க்க வந்த உழவு இயந்திரங்களுக்கு நடுவில் ஏணை கட்டி உன்னைக் கிடத்தியிருந்தார். "என்னடாப்பா, மனுசி கொப்பியோடை திரிய நீ ஏணை ஆட்டுறியோ?" என்று வேலை செய்யும் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். "ஓம், நட்டு இறுக்கிறதை விட இது சுகமாக் கிடக்கு, நீயும் உன்ரை மனுசியை அனுப்பிப்போட்டு வா" என்பார். அங்கே விடுதியில் எனக்கு அப்படித் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை. முதல் வாரம் 'வந்துட்டேன்' என்று சொன்னதும் ஒருத்தி, "தோட்டத்து ரேடியோ பாடுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் முதல் 'வந்திட்டன்' என்று சொல்லப் பழகினேன். என்னை நானே அழித்து எழுதத் தொடங்கியது அங்கேதான். அதனால்தான் நீ என்னை அழித்ததைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்தது. அந்தக் கைவேலை எனக்குப் பழக்கம்.

உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில், பக்கம் பக்கமாக நீ எழுதியிருப்பதை, உனக்கு நான் முதன்முதலில் சொன்ன மாதிரியே இங்கே திரும்பச் சொல்கிறேன். நெருக்கடியான பஸ் ஒன்றை நினைத்துப் பார் என்று சொன்னேன். எல்லோரும் எல்லோரையும் இடிக்கிறார்கள். ஒருத்தி நகர்ந்தால் பக்கத்திலுள்ள நாலு பேரும் அவளோடு சேர்ந்து நகர்கிறார்கள். ஆனாலும் கொண்டக்டருக்கு அவள் யார் என்று தெரியும், எங்கே இறங்குவாள் என்றும் தெரியும். சாதாரண உலோகம் அப்படி. இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளினாலும், ஒவ்வொன்றையும் அது இழுத்துக்கொண்டு போகும் கூட்டத்தோடு சேர்த்து ஒரு துணிக்கை, ஒரு தனித் துகள், என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் உலோகங்களைப் பற்றிய நம் கணக்கெல்லாம் நிற்கிறது. சில உலோகங்களில் நெருக்கம் அதையும் மீறிவிடுகிறது. இவள், அவன் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் மின்னோட்டம் ஓடுகிறது. வெப்பநிலை ஏற ஏற, தடை அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோட்டில் ஏறுகிறது. துணிக்கைகளே இல்லாதபோது ஓடுவது எது என்று நீ அன்றைக்குக் கேட்டாய். அது நல்ல கேள்வி. இன்னும் யாரும் முழுதாக விடை சொல்லவில்லை.

பலர் பல வழியில் முயல்கிறார்கள். இலத்திரன்களின் வகைகளை எண்ணற்றவையாகக் கூட்டி, அப்படியாவது கணக்கு அடங்குகிறதா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தள்ளுமுள்ளின் பலத்தை இடத்துக்கு இடம் குலுக்கிப் போட்டதுபோல மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இலத்திரனையே மறந்துவிட்டு, ஒரு பரிமாணம் கூடிய வெளியின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குள் விடை தேடுபவர்களும் இருக்கிறார்கள். நான் எடுத்தது மிக எளிய மாதிரி. அணுக்கள் வரிசையாக அசையாமல் நிற்கும் சாலகம் இல்லை, அழுக்கு இல்லை. இலத்திரன்களும், அவை சேர்ந்து எழுப்பும் ஒரு மெல்லிய அலையும் மட்டும். அந்த அலையில் மோதி இலத்திரன்கள் தங்கள் தனித்தன்மையை இழக்கும்போது மின்னோட்டம் எவ்வளவு தடைப்படும்? அதுதான் கேள்வி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு படம் கீற வேண்டும். நேர்கோடு இலத்திரன், நெளிகோடு அலை. ஒவ்வொரு படமும் ஒரு தொகையீடு. ஐந்து படங்கள் இருந்தன. மூன்றைக் கணித்தேன். மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு நெளிகோடுகள், நீளமான வேலை. அன்றைக்குப் பார்த்து உனக்குக் கடும் காய்ச்சல் என்று செய்தி வந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் 'இவை இரண்டும் ஒன்றையொன்று நீக்கும், விடலாம்' என்று எழுதிவிட்டு ஓடி வந்தேன். நீக்குமா என்று பார்க்கவில்லை. மூன்று படங்களின் விடை பார்க்க அழகாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். மேற்படிப்புக்குப் போகும்போது காட்டலாம் என்று இருந்தேன். பட்டம் முடித்து வீட்டுக்கு வந்த வருடமே திரும்பப் போர் தொடங்கிப் பாதை மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை இடம் மாறினோம் என்று உனக்கும் கொஞ்சம் நினைவிருக்கும். கொப்பி உன் உடுப்புப் பைக்குள் வந்தது. தடித்த மட்டை போட்ட நீலக் கொப்பி. போரின் முடிவில், அகதி முகாம் வாசலில் அப்பா ஆண்களின் வரிசையிலும் நாம் இருவரும் பெண்களின் வரிசையிலும் நின்றபோது, படித்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று கதை அடிபட்டது. உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அம்புக்குறியும் நெளிகோடும் நிறைந்த கொப்பியைக் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். எறிய மனம் வரவில்லை. நின்ற இடத்திலேயே மட்டையில் உன் பெயரை எழுதி, கீழே 'தரம் 2' என்று போட்டேன். குனிந்து உன் காதுக்குள், "கேட்டா நீ கீறினது எண்டு சொல்லு. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லு," என்றேன். பைகளைக் கொட்டிப் பார்த்த சிப்பாய் கொப்பியைப் புரட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்தார். அவர் உன்னிடம், "தம்பி, உது என்ன?" என்று கேட்டார். "நான் கீறினனான்," என்றாய். "என்னத்தைக் கீறினனீ?" "பாம்பு." அவர்கள் இருவரும் சிரித்தார்கள். "அம்மாதான் சொல்லித் தந்தவவோ?" என்று அவர் திரும்பக் கேட்டார். நீ என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது," என்றாய். ஏழு வயதில் எவ்வளவு ஒழுங்காகச் சொன்னாய். எங்களைப் போகச் சொன்னார்கள். உள்ளே போய் உன்னைக் கட்டிப்பிடித்து, நல்ல பிள்ளை என்று சொன்னேன். 

பிறகு ஊர் திரும்பினோம். எனக்குப் பட்டதாரி நியமனம் கிடைத்தது. பதவியின் பெயர் பெரிது, வேலை படிவம் நிரப்புவது. உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். மூன்று பேரும் வவுனியாவுக்குப் போன பஸ்ஸில், நான் வழக்கம்போல உனக்கு இலத்திரன் கதை சொல்லிக்கொண்டு நின்றேன். இப்படி ஒருவரையொருவர் இடிப்பதால்தான் மின்னோட்டம் தடைப்படுகிறது என்றேன். கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அப்பா தலையைத் திருப்பி, "இஞ்சரும், உள்ளுக்கை சனம் இடிபட்டா பஸ் நிக்குமே? சில்லு றோட்டிலை பிடிச்சாத்தானே நிக்கும்," என்றார். "அப்பா, இது பௌதிகம்," என்று நீ சிரித்தாய். பக்கத்தில் நின்ற மனிதரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓமந்தை வருவதற்குள் அந்தக் கணக்கை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் மாதிரியில் றோட்டே இல்லை. சாலகம் இல்லை என்று நான்தானே எழுதினேன். இலத்திரன் அலைக்குக் கொடுக்கும் தள்ளலை, அலை இன்னோர் இலத்திரனிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மொத்த உந்தம் குறைய வழியில்லை. மின்னோட்டம் தடைப்படவும் வழியில்லை. விடை பூச்சியமாக இருக்க வேண்டும். அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான், நான் பார்க்காமல் விட்ட இரண்டு படங்கள். கொடுத்ததை மட்டும் எழுதி, திரும்பி வந்ததை எழுதாமல் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

இரண்டு மாதம், கந்தோரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணித்தியாலங்களில், பழைய கால்நடைக் கணக்கெடுப்புப் படிவங்களின் பின்பக்கத்தில் அந்த இரண்டு படங்களையும் கணித்தேன். பக்கத்து மேசை அக்கா, "என்னடியப்பா, ஒவ்வொரு மாடாப் பேர் வைச்சு எழுதுறியோ?" என்று கேட்பா. அந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று நீக்கவில்லை. இரண்டும் சேர்ந்து மற்ற மூன்றையும் நீக்கின. பூச்சியம். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான கணக்கு அதுதான். பிறகு வேறு நாடுகளில் இருப்பவர்களும் இதே முடிவை எழுதியிருப்பதைப் போனில் வாசித்தேன். ஆகவே புதன்கிழமை உன் முன் இருக்கப்போகும் நாலு பேருக்கும் இது தெரிந்திருக்கும். மற்ற இரண்டு படங்களும் எங்கே என்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்பார்கள். என் ஓரக்குறிப்பை நீ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அப்படியே போட்டிருக்கிறாய். 'இவை ஒன்றையொன்று நீக்கும்.' நீயும் பார்க்கவில்லை.

அப்போதே கொப்பியில் ஏன் திருத்தவில்லை என்று கேட்பாய். கொப்பி அந்த நாட்களில் உன் மேசைக்கு வந்துவிட்டது. நீ அதைப் புரட்டிப் புரட்டி, "அம்மா, இதெல்லாம் நீங்களோ செய்தது?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாய். உன் கண்ணில் நான் கெட்டிக்காரியாக இருந்த ஒரே இடம் அந்தக் கொப்பி. பிழை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏழு தாள்களையும் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அச்செடுத்த அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்ததை நீ மறந்திருக்கமாட்டாய். நான் ஒவ்வொரு சொல்லையும் வைத்திருக்கிறேன். "நன்றியுரை நல்லா இருக்கு, பூனையும் வந்திருக்கு," என்றேன். நீ சிரித்தாய். "அது எல்லாப் பெடியளுக்கும் பழக்கமான பூனை அம்மா." "நாலாம் அத்தியாயம் ஆற்றை? ஆர் செய்த கணக்கு?" என்றேன்.  "கொப்பியிலை என்ரை பேர்தானே கிடக்கு," என்றாய். "நான் பகிடிக்குக் கேக்கேல்லை." "அம்மா, அது ஆரும் பாக்காத பழைய கணக்கு. நான் எடுக்காட்டிக் கறையான் திண்டிருக்கும்." "முதல் ஆள் எண்டு எழுதியிருக்கிறாய்." "அப்பிடி எழுதினாத்தான் எடுப்பினம். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினம். சரி, உங்கடை பட்டத்தை வைச்சு நீங்கள் என்ன செய்தனீங்கள்? மாடு எண்ணுறியள்." நான் "சரி" என்று சொல்லி வைத்தேன். என் பெயர் போடாததை ஒரு நாளில் விழுங்கியிருப்பேன். அந்த மாட்டுக் கதையை விழுங்க முடியவில்லை. அந்தப் படிவங்களின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதால் வலி குறைந்துவிடவில்லை. என் பெயரை நான் கேட்டு வாங்கத் துணியாத பெண் என்று நன்றாக அறிந்துதான் நீ இதைச் செய்தாய். என் கூச்சத்தை என்னைவிட நன்றாகப் படித்தவன் நீ. அந்தப் படிப்பை எனக்கெதிராகவே பாவித்தாய்.

இனி என் பங்கு. அன்றிலிருந்து பதினொரு நாட்கள், இந்தப் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். புதன்கிழமையைக் கற்பனை செய்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் முன்னால் சாய்ந்து, மிச்ச இரண்டு படங்களையும் கேட்பார். நீ தாள்களைப் புரட்டுவாய். உன் காது சிவக்கும். எனக்கும் அப்படித்தான் சிவக்கும். கணக்கு யாருடையது என்று சொல்லித் தப்பவும் உனக்கு வழியில்லை, அம்மாவுக்கு விளங்காது என்று எழுதிவிட்டாயே. இதை நினைக்க எனக்கு இனிமையாக இருந்தது. ஒரு நாள் குசினியில் அப்பா, "என்ன நீர், தனியச் சிரிச்சுக்கொண்டு அரிசி கழுவுறீர்?" என்று கேட்டார். அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. பெற்ற பிள்ளை தலைகுனிவதை நினைத்துச் சிரிக்கும் ஒருத்தி எனக்குள் இருந்திருக்கிறாள். அவளை உனக்கு மறைக்க விரும்பவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து, கையிலிருந்த கிறீசைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். பூனைக் கதைக்கு மட்டும் ஒரு தரம் நிமிர்ந்தார். கடைசியில், "பிரேக் பிழையெண்டு தெரிஞ்ச வண்டியை நான் ஆருக்கும் சாவி குடுத்து விட்டதில்லை. போன வருசம் ஒருத்தன் என்னைத் தூசணத்தாலை பேசிப்போட்டு நிண்டவன். அவனுக்கும் திருத்திப்போட்டுத்தான் விட்டனான். திருத்தினாப் பிறகு நல்லாத் திருப்பிப் பேசினனான்," என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "நீரும் திருத்திப்போட்டுப் பேசும்," என்றார். ஆகவே திருத்தி அனுப்புகிறேன். பேசவும் செய்கிறேன்.

புதன்கிழமை அவர்கள் கேட்கும்வரை காத்திராதே. முதலே சொல். நான்காம் அத்தியாயத்தில் இரண்டு படங்கள் விடுபட்டிருக்கின்றன, அவற்றைச் சேர்த்தால் விடை பூச்சியம், கணக்கு என் தாயுடையது, பிழையும் திருத்தமும் அவருடையவை, கட்டுரையின் முதல் வரி பொய் என்று சொல். அதைக் கேட்டு அவர்கள் உன்னை எடுக்காமல் விடலாம். விட்டால் விடட்டும். வேறு வருடம் வரும். ஏழு தாள்களையும் பார்த்து எழுதாமல், நீயாகவே முதலிலிருந்து கணித்துப் பார்த்துவிட்டுச் சொல். என் சொல்லை நம்பிச் சொன்னால், நீ திரும்பவும் என் ஓரக்குறிப்பை மொழிபெயர்ப்பவன்தான். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதே. இன்னும் இல்லை. எப்போது என்று எனக்குத் தெரியாது. விமான நிலையத்துக்கு வருவேன், சோறு கட்டிக்கொண்டு வருவேன், ஆனால் அது வேறு.

தாள்களில் ஒரு பக்கத்தில் மாடு, எருமை, ஆடு என்று நிரல்கள் இருக்கும். மறுபக்கத்தில் கணக்கு. ஒவ்வொரு தாளின் மேலேயும் என் முழுப் பெயரைப் பேனையால் எழுதியிருக்கிறேன். நேற்றுத்தான் எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒரு கணக்கில் என் பெயரை எழுதியது இதுதான் முதல் தடவை. 

இன்னும் ஒன்று. முகாம் வாசலில் 'நான் கீறினனான்' என்று சொல்லி நீ நம் இருவரையும் உள்ளே கொண்டுபோனாய். அதற்கு நல்ல பிள்ளை என்று சொன்ன நான், வெளியே வந்த பிறகு, இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று உனக்குச் சொல்லவே இல்லை. வருடக்கணக்காகச் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் உன் வாயில் வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். நீ வளர்ந்த ஆள், அதை நீயே துப்பியிருக்கலாம். ஆனாலும் வைத்தவள் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். வாசலைத் தாண்டி வந்துவிட்டோம். இனி யார் கேட்டாலும், அம்மா கீறினது என்று சொல்.